போலீசும் நமது பயமும்

நமது மக்களில் பெரும்பாலோருக்குச் சட்டம் என்பது புஸ்தகத்தில் இருக்கிற சங்கதி. போலீஸ் என்பது தெருவில் இருக்கிற சங்கதி. இரண்டுக்கும் ஏதேனும் சம்பந்தம் உண்டென்பதை அவர்கள் நம்புவதேயில்லை. போலீசார் இன்னது செய்யலாம், இன்னது செய்யக் கூடாது என்று சட்டத்தை எடுத்துச் சொன்னால், “அதெல்லாம் சரி அய்யா, ஸ்டேஷனுக்குள்ளே போனால் எந்தச் சட்டம்?” என்று சிரிக்கிறார்கள். இப்படிச் சிரிப்பதை அனுபவ ஞானம் என்றும் நினைத்துக் கொள்ளுகிறார்கள். அது ஞானமல்ல, பயம் என்றும், ஸ்டேஷன்களில் நடக்கிற அக்கிரமங்களுக்கு அந்தப் பயமே முதல் ஆயுதமாக இருந்து வருகிறது என்றும் எடுத்துக்காட்டவே இதை எழுதுகிறோம்.

முதலில் புஸ்தகத்தில் என்னதான் இருக்கிறதென்று பார்ப்போம். 1950-ஆம் வருஷம் ஜனவரி 26-ஆம் தேதி அமுலுக்கு வந்த அரசியல் சட்டத்தின் 22-ஆவது பிரிவு, கைது செய்யப்பட்ட ஒருவருக்கு அவர் ஏன் கைது செய்யப்பட்டார் என்பதைத் தாமதமின்றித் தெரிவித்தாக வேண்டும் என்கிறது. தமக்கு இஷ்டமான வக்கீலைக் கலந்து கொள்ள அவருக்குள்ள உரிமையை மறுக்கக் கூடாது என்கிறது. பிரயாண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் அவரை மாஜிஸ்ட்ரேட் முன் நிறுத்த வேண்டும், மாஜிஸ்ட்ரேட்டின் உத்தரவில்லாமல் அதற்குமேல் வைத்திருக்கக் கூடாது என்கிறது. 20-ஆவது பிரிவு, குற்றம் சாட்டப்பட்டவரைத் தமக்கு எதிராகத் தாமே சாட்சி சொல்லும்படி கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது. 21-ஆவது பிரிவு, சட்டம் வகுத்த முறைப்படியல்லாமல் எவருடைய உயிரையும் சுதந்திரத்தையும் பறிக்கக் கூடாது என்கிறது.

இந்த 22-ஆவது பிரிவு வந்த விதத்தையும் வாசகர்கள் தெரிந்து கொள்ள வேண்டும். “சட்டம் வகுத்த முறை” என்று மட்டும் எழுதிவிட்டால், நாளைக்குச் சட்டசபை எவ்வளவு கேவலமான முறையை வகுத்தாலும் அதுவே முறையாகி விடுமே என்று அரசியல் நிர்ணய சபையில் ஆட்சேபணை எழுந்தது. அந்தக் குறைக்கு ஈடாகத்தான் டாக்டர் அம்பேத்கர் 1949 செப்டம்பரில் இந்தப் புதிய பிரிவைச் சபை முன் கொண்டு வந்தார். ஆகவே இது அலங்காரத்துக்காக எழுதி வைத்த வாசகமல்ல. கைதிலும் காவலிலும் அதிகாரம் எப்படி நடந்து கொள்ளும் என்பதை அறிந்தவர்கள் போட்ட வேலியாகும்.

இந்த வேலியில் பாதி, வெள்ளைக்காரன் காலத்திலேயே போடப்பட்டது. 24 மணி நேரக் கணக்கு 1898-ஆம் வருஷத்துக் குற்றவிசாரணை முறைச் சட்டத்திலேயே இருந்தது. போலீஸ் உத்தியோகஸ்தரிடம் கொடுத்த குற்ற ஒப்புதலைக் கொடுத்தவருக்கு எதிராக ருஜுப்படுத்தக் கூடாது என்பது 1861-இலேயே சட்டமாகி, 1872-ஆம் வருஷத்துச் சாட்சியச் சட்டத்திலும் ஏறி, இன்றைக்கு 2023-ஆம் வருஷத்துப் புதிய சாட்சியச் சட்டத்தின் 23-ஆவது பிரிவாகவும் நிற்கிறது. இதன் அர்த்தமென்ன? சர்க்கார் தன் சம்பளம் வாங்குகிற போலீசிடம் சொல்லப்பட்ட ஒப்புதலைத் தானே நம்புவதில்லை என்பதல்லவா? ஏன் நம்பவில்லை என்பதற்கு நமது ராஜதானியின் சரித்திரமே சாட்சி. 1855-இல் சென்னை ராஜதானியில் நடக்கிற சித்திரவதைகளை விசாரித்து ஒரு கமிஷன் அறிக்கை கொடுத்தது. நிலவரி வசூலிக்கவும் குற்றத்தை ஒப்புக்கொள்ளச் செய்யவும் குடிகள் வதைக்கப்பட்டார்கள் என்று அது கண்டது. கையை நெரிக்கும் கிட்டியும், ஆளைக் குனியவைத்துத் தலையைக் காலோடு சேர்த்துக் கட்டும் அண்ணாந்தாளும் அந்த அறிக்கையில் பெயர் சொல்லிக் குறிக்கப்பட்டிருக்கின்றன. கிட்டி போய்விட்டது. கிட்டி பிடித்த கையின் புத்தி போய்விட்டதா என்பதுதான் நமது கேள்வி.

நிற்க, இவ்வளவு வேலியும் எந்த இடத்தில் தாண்டப்படுகிறது? ஒரே ஒரு வாக்கியத்தில் தாண்டப்படுகிறது. “சும்மா ஒரு விசாரணை, ஸ்டேஷன் வரைக்கும் வந்துவிட்டுப் போ” என்பதுதான் அந்த வாக்கியம். நாமும் மறுபேச்சில்லாமல் சட்டையை மாட்டிக்கொண்டு புறப்பட்டு விடுகிறோம். சட்டத்தில் இதற்கு இடமுண்டா என்று கேட்பவர் ஆயிரத்தில் ஒருவர்கூட இல்லை. 2024-ஆம் வருஷம் ஜூலை 1-ஆம் தேதி முதல் நடைமுறையில் இருக்கிற குற்றவிசாரணை முறைச் சட்டத்துக்குப் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்று பெயர். தமிழன் வாயில் நுழையாத பெயரை வைத்துவிட்டு, பிரஜைகளின் பாதுகாப்புக்கான சட்டம் என்கிறார்கள். பெயர் எப்படியோ போகட்டும். அதற்குள்ளே, நடந்த ஒரு குற்றத்தின் விசாரணைக்காகப் போலீசார் ஒருவரை வரவழைக்க முக்கியமாக மூன்று வழிகளே இருக்கின்றன. விவரம் தெரிந்தவர் என்றால் 179-ஆவது பிரிவின்படி எழுத்து மூலம் உத்தரவு கொடுக்க வேண்டும். சந்தேகப்படுகிறவர், ஆனால் கைது அவசியமில்லை என்றால் 35-ஆவது பிரிவின்படி நோட்டீஸ் கொடுக்க வேண்டும். கைது செய்வதானால் 36-ஆவது பிரிவின்படி கைதுக் குறிப்பு எழுதி, குடும்பத்தாரோ அந்தப் பகுதியில் மதிப்புள்ள ஒருவரோ சாட்சிக் கையெழுத்துப் போட, கைதானவரின் கையெழுத்தையும் வாங்க வேண்டும். மூன்றும் எழுத்து. நாலாவதாகச் “சும்மா விசாரணை” என்கிற ஒரு வழி அந்தச் சட்டத்தின் எந்தப் பக்கத்திலும் கிடையாது.

பின் ஏன் அந்த நாலாவது வழியே நாடெங்கும் நடக்கிறது? எழுதினால் கடிகாரம் ஓட ஆரம்பித்து விடும் என்பதுதான் காரணம். எழுதினால் 24 மணிக் கணக்கு உண்டு, வீட்டாருக்குத் தெரிவிக்க வேண்டும், டாக்டர் பார்க்க வேண்டும், வக்கீல் வருவார், மாஜிஸ்ட்ரேட் கேட்பார். எழுதாவிட்டால் இவை ஒன்றுமில்லை. அழைத்துக் கொண்டு போனவரைக் கேட்டால் அழைக்கவேயில்லை என்று சொல்லலாம். ஆகவே போலீசாரின் அக்கிரமம் முழுவதும் வாய் வார்த்தையில் குடியிருக்கிறது. நமது உரிமை முழுவதும் எழுத்தில் குடியிருக்கிறது. இந்த ஒரு சங்கதியை மட்டும் மக்கள் மனதில் பதிய வைத்துக் கொண்டால் மற்றதெல்லாம் தானே விளங்கும். “எழுத்தில் கொடுங்கள்” என்பதே நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வியும் கடைசிக் கேள்வியுமாகும்.

கேட்பதற்கு உங்களுக்கு என்னென்ன ஆதாரம் இருக்கிறதென்று பாருங்கள். 15 வயதுக்கு உட்பட்ட ஆணையும், 60 வயதுக்கு மேற்பட்ட ஆணையும், எந்த வயதுப் பெண்ணையும், உடலிலோ மனதிலோ ஊனமுற்றவரையும், கடும் நோயாளியையும் 179-ஆவது பிரிவின்படி விசாரிக்க வேண்டுமானால் அவர்கள் வீட்டுக்குத்தான் போலீசார் வர வேண்டும். பெண்ணை அஸ்தமனத்துக்குப் பிறகும் உதயத்துக்கு முன்பும் கைது செய்யக் கூடாது. விசேஷ சந்தர்ப்பமென்றால் பெண் அதிகாரி மூலம் மாஜிஸ்ட்ரேட்டின் முன் அனுமதி வாங்க வேண்டும். கைது செய்கிற போலீஸ்காரர் தம் பெயர் தெளிவாகத் தெரியும்படி அணிந்திருக்க வேண்டும். கைதானவர் சொல்லுகிற உறவினருக்கோ நண்பருக்கோ எங்கே வைத்திருக்கிறோம் என்பதைத் தெரிவித்து, அதைப் புஸ்தகத்திலும் பதிய வேண்டும். டாக்டரின் பரிசோதனை அறிக்கையில் ஒரு பிரதி கைதானவருக்கு உண்டு. விசாரணையின் நடுவே வக்கீலைச் சந்திக்க உரிமையுண்டு. 7 வருஷம் வரை தண்டனையுள்ள குற்றங்களில் கண்ணை மூடிக்கொண்டு கைது செய்யக் கூடாதென்றும், காரணம் எழுத வேண்டுமென்றும், காரணத்தைப் பாராமல் மாஜிஸ்ட்ரேட் காவலுக்கு உத்தரவு போடக் கூடாதென்றும் 2014-இல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. கைதின் காரணத்தைத் தெரிவிக்கத் தவறினால் அந்தக் கைதே செல்லாது என்று 2025-இல் மறுபடியும் சொல்லியிருக்கிறது.

அன்றியும், விசாரணையில் நீங்கள் சொன்னதாகப் போலீசார் எழுதிக் கொள்ளுகிற வாக்குமூலத்தில் நீங்கள் கையெழுத்துப் போடவே கூடாது என்று அந்தச் சட்டத்தின் 181-ஆவது பிரிவு சொல்லுகிறது. ஆனால் நமது மக்களோ வெற்றுக் காகிதத்தை நீட்டினால்கூடக் கையெழுத்துப் போட்டுவிட்டு, “விட்டால் போதும்” என்று கும்பிட்டு வருகிறார்கள். காகிதத்தில் இருப்பதைப் படித்துப் பார்த்துப் போடு, படிக்கத் தெரியாவிட்டால் படித்துக் காட்டச் சொல்லிப் போடு, வெற்றுக் காகிதமானால் போடாதே என்பதைப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுக்க வேண்டாமா?

புகார் கொடுக்கப் போகிறவன் கதையும் இதுதான். கைது செய்யத்தக்க குற்றம் நடந்ததாகத் தகவல் கொடுத்தால் முதல் தகவல் அறிக்கை பதிவு செய்தே தீர வேண்டும் என்று 2013-இல் சுப்ரீம் கோர்ட்டு சொல்லிற்று. 3 முதல் 7 வருஷத்துக்குள் தண்டனையுள்ள சில குற்றங்களில் மட்டும், டி.எஸ்.பி. அனுமதியின் பேரில் 14 நாளைக்குள் முன் விசாரணை செய்து கொள்ளலாம் என்று புதிய சட்டம் இடம் கொடுக்கிறது. அறிக்கையின் பிரதி இலவசம். ஸ்டேஷனில் வாங்க மறுத்தால் சூப்பரின்டென்டெண்டுக்கு எழுத்தில் அனுப்பலாம். அவரும் அசையாவிட்டால் மாஜிஸ்ட்ரேட்டிடம் போகலாம். ஆனால் நடப்பதென்ன? சி.எஸ்.ஆர். ரசீது என்று ஒரு துண்டைக் கையில் கொடுத்து அனுப்புகிறார்கள். இல்லாவிட்டால் இரண்டு கட்சியாரையும் உட்கார வைத்துக் கட்டப் பஞ்சாயத்துப் பேசுகிறார்கள். உட்கார வைத்து என்று சொன்னோம். அதுவும் ஆளைப் பொறுத்தது. பணமும் ஜாதியும் உள்ளவனுக்கு நாற்காலி. இல்லாதவனுக்குச் சுவரோரம் நிற்க இடம். முன்னவனுக்கு “வாங்க”, பின்னவனுக்கு “வாடா”. சட்டத்தில் இந்த இரண்டு வார்த்தைக்கும் பிரிவு கிடையாது.

இனி, நமது பத்திரிகைகளிலும் கைப்பேசிகளிலும் அடிக்கடி வருகிற ஓர் அற்புதத்தைப் பார்ப்போம். பிடிபட்ட ஆசாமி கையிலும் காலிலும் மாவுக் கட்டோடு உட்கார்ந்திருக்கிற படம் வருகிறது. கழிவறையில் வழுக்கி விழுந்தாராம். அல்லது தப்பியோடும்போது பாலத்திலிருந்து குதித்தாராம். அந்தத் தரையில் இன்ஸ்பெக்டரும் நடக்கிறார், ஏட்டும் நடக்கிறார், கூட்டுகிற அம்மாளும் நடக்கிறார். ஒருவரும் விழுந்ததாகச் செய்தி இல்லை. பாதத்தைப் பார்த்து ஆளை அடையாளம் கண்டு வழுக்கி விடுகிற தரையைப் புராணக்காரன்கூடக் கற்பனை செய்ததில்லை. இதைப் பார்த்து நமது படித்த கனவான்கள் என்ன செய்கிறார்கள்? கைதட்டிச் சிரிக்கிறார்கள். சினிமாவிலும் கோர்ட்டைக் கேலி செய்து, சுட்டுத் தள்ளுகிற போலீஸ் அதிகாரியே கதாநாயகன். ஆளுக்குப் பதில் காலை உடைப்பதற்கு இன்று நீங்கள் கொடுக்கிற கைதட்டலே நாளைக்கு உங்கள் பிள்ளையின் காலுக்கு வாரண்டு என்பதை அறிய வேண்டாமா?

“ரௌடிக்கும் திருடனுக்கும் உரிமை எதற்கு?” என்று கேட்கிறார்கள். அவன் ரௌடி என்று முடிவு செய்தது யார் என்று நாம் திருப்பிக் கேட்கிறோம். பிடித்தவனே விசாரணைக்காரன், அவனே நீதிபதி, அவனே தண்டனை கொடுக்கிறவன் என்றால், கோர்ட்டுக் கட்டிடங்கள் எதற்கு? உரிமை என்பது குற்றவாளிக்குக் கொடுத்த சலுகையல்ல. குற்றவாளி யார் என்று கண்டுபிடிப்பதற்கு உள்ள வழி. அடித்து வாங்கின ஒப்புதலால் கேஸ் முடியும். உண்மைத் திருடனோ வெளியே திரிவான்.

“யோக்கியனுக்குப் பயமென்ன?” என்று இன்னொரு கூட்டம் கேட்கிறது. 2020 ஜூன் 19-ஆம் தேதி சாத்தான்குளத்தில் ஒரு தகப்பனும் மகனும், ஊரடங்கு நேரத்துக்கு மேல் கடையைத் திறந்து வைத்தார்கள் என்ற கேசில் பிடிக்கப்பட்டார்கள். அவர்களை ஓர் அரசாங்க டாக்டரிடம் காட்டினார்கள்; மாஜிஸ்ட்ரேட்டின் காவல் உத்தரவும் வாங்கினார்கள்; கோவில்பட்டி கிளைச் சிறையிலும் அடைத்தார்கள். 22-ஆம் தேதி மகனும் 23-ஆம் தேதி தகப்பனும் செத்தார்கள். டாக்டர், மாஜிஸ்ட்ரேட், சிறை என்ற மூன்று வாசலும் சட்டம் காப்பாற்றுவதற்காக வைத்த வாசல்கள். மூன்றிலும் பார்க்க வேண்டியவர்கள் கண்ணைத் திறந்து பார்த்திருந்தால் இரண்டு உயிர் போயிருக்குமா? அந்த ஸ்டேஷனின் காமிராப் படங்கள் அன்றன்றே அழிந்து போகும்படி வைக்கப்பட்டிருந்தன என்று விசாரிக்கப் போன மாஜிஸ்ட்ரேட் எழுதினார். அதே ஸ்டேஷனில் வேலை பார்த்த ஒரு பெண் ஏட்டுத்தான் துணிந்து நடந்ததைச் சொன்னார். இதே போல் 2025 ஜூன் மாதம் சிவகங்கை ஜில்லா திருப்புவனத்துக்குப் பக்கத்தில் ஒரு கோயில் காவலாளி, காணாமற்போன நகை விஷயமாக “விசாரணை” என்று கொண்டு போகப்பட்டு அடிபட்டுச் செத்தார். கடைக்காரனும் காவலாளியும் எந்த ரௌடிப் பட்டியலில் இருந்தார்கள்?

அரசியல் சட்டத்திலேயே உள்ள ஓட்டையையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். ஒரு கையால் கொடுத்த 22-ஆவது பிரிவே, மறு கையால் தடுப்புக் காவலுக்கு வழி விட்டிருக்கிறது. தமிழ்நாட்டில் குண்டர் சட்டம் என்று வழங்குகிற 1982-ஆம் வருஷத்து 14-ஆவது சட்டத்தின்படி ஒருவரைக் குற்றம் ருஜுவாகாமலே 12 மாதம் வரை அடைத்து வைக்கலாம். அதிலும் காரணத்தை 5 நாளைக்குள் தெரிவிக்க வேண்டும். எதிர்த்து மனுக் கொடுக்க உரிமையுண்டு. ஹைகோர்ட்டில் ஆட்கொணர்வு மனுப் போடலாம். ஆனால் விசாரணையில்லாமல் அடைப்பதை நாகரிகமான சட்டம் என்று நம்மால் ஒப்புக்கொள்ள முடியாது. அதை மாற்றக் கேட்பதும் பிரஜைகளின் கடமையே.

கடைசியாக, “உரிமை பேசினால் இரண்டு அடி அதிகமாக விழுமே” என்கிறார்கள். இது நியாயமான பயம். இதைக் கேலி செய்ய நாம் தயாராயில்லை. தனியாகப் போகிறவன் சட்டம் பேசினால் அடி விழலாம். ஆகவேதான் தனியாகப் போகாதீர்கள் என்கிறோம். ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டால் தெருவில் நாலு பேருக்குச் சொல்லிவிட்டு இரண்டு பேரோடு போங்கள். கூப்பிட்டவர் பெயர், தேதி, மணி மூன்றையும் குறித்துக் கொள்ளுங்கள். குரலை உயர்த்த வேண்டாம். கையை நீட்ட வேண்டாம். மரியாதையாகவே கேளுங்கள், ஆனால் கேளுங்கள். ஒருவரைக் கொண்டு போய்விட்டார்களானால் வீட்டிலுள்ளவர்கள் சிபாரிசுக்கு ஆள் தேடி அலைவதை நிறுத்திவிட்டு, அன்றைக்கே சூப்பரின்டென்டெண்டுக்கும் மாஜிஸ்ட்ரேட்டுக்கும் மணியைக் குறித்துத் தந்தியைப் போல் நாலு வரி எழுதி அனுப்புங்கள். மாஜிஸ்ட்ரேட் முன் நிற்கிற அந்த நிமிஷத்தில் அடித்திருந்தால் அடித்தார்கள் என்று வாய் திறந்து சொல்லுங்கள், காயத்தைக் காட்டுங்கள். வக்கீலுக்குப் பணமில்லை என்று உட்கார வேண்டியதில்லை. 1987-ஆம் வருஷத்துச் சட்டப்படி பெண்களுக்கும், தாழ்த்தப்பட்ட மக்களுக்கும், பழங்குடியினருக்கும், காவலில் இருப்பவர்களுக்கும் வருமானம் பாராமல் இலவச வக்கீல் உண்டு. 15100 என்ற எண்ணில் கேட்கலாம்.

எழுதி என்ன ஆகும் என்று கேட்காதீர்கள். கைதில் போலீசார் நடந்து கொள்ள வேண்டிய 11 கட்டளைகளைச் சுப்ரீம் கோர்ட்டு 1996-இல் விதித்ததே, அந்த வழக்கு 1986-இல் கல்கத்தாவிலிருந்து டி.கே. பாசு என்பவர் பிரதம நீதிபதிக்கு எழுதிய ஒரு கடிதத்தில் பிறந்தது. ஒரிசாவில் போலீசார் கொண்டு போன மகன் மறுநாள் ரயில் பாதையோரம் பிணமாகக் கிடந்தபோது, அவன் தாய் 1988-இல் சுப்ரீம் கோர்ட்டுக்குக் கடிதம் எழுதினார். தப்பியோடி ரயிலில் அடிபட்டான் என்ற கதையைக் கோர்ட்டு நம்பவில்லை. 1993-இல் 1,50,000 ரூபாய் நஷ்டஈடு கொடுக்கச் சொல்லிற்று. அதே 1993-இல் நமது கடலூர்ப் பக்கம் கம்மாபுரம் ஸ்டேஷனுக்குக் கொண்டு போகப்பட்ட குறவர் ஒருவரின் மனைவி, ஆள் தப்பியோடி விட்டான் என்ற பேச்சை நம்பாமல் ஹைகோர்ட்டில் ஆட்கொணர்வு மனுப் போட்டார். காவலில் கொல்லப்பட்டது வெளியாயிற்று. போலீசார் தண்டனையும் அடைந்தார்கள். இவர்களெல்லாம் பணக்காரர்களா? சிபாரிசு உள்ளவர்களா? எழுத்தைப் பிடித்தவர்கள், அவ்வளவுதான்.

ஆகவே தோழர்களே, போலீசை வெறுக்க வேண்டுமென்று நாம் சொல்லவில்லை. போலீஸ்காரர் நம் வரியில் சம்பளம் வாங்கி நம் வேலை செய்கிற மனிதர். அவர் தெய்வமுமல்ல, பேயுமல்ல. கும்பிட்டால் வரம் கொடுப்பார் என்பதும், பேசினால் பிடித்துக் கொள்வார் என்பதும் ஒரே மூடநம்பிக்கையின் இரண்டு பக்கம். ஒவ்வொரு ஊரிலும் வாசகசாலையிலும் சங்கத்திலும் அரசியல் சட்டத்தின் இந்த மூன்று பிரிவுகளைத் தமிழில் பெரிய எழுத்தில் எழுதி மாட்டுங்கள். படிக்கத் தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள். அடுத்த தடவை யாராவது வந்து, “சும்மா ஒரு விசாரணை” என்று வீட்டு வாசலில் நின்றால், அந்த வீட்டுப் பெண்மணியே முன்வந்து, “எழுத்தில் கொடுங்கள் அய்யா” என்று கேட்கிற நாளே இந்தச் சட்டம் உண்மையாக அமுலுக்கு வந்த நாள் என்று சொல்லுவோம்.